செப்புத் தகட்டு ஓவியங்கள்

செப்பேடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் தோன்றுவன பல்லவரும் பாண்டியரும் சோழரும் பொறித்தளித்த கொடைப் பட்டயங்களே ஆகும். வேள்விக்குடிச் செப்பேடும் திருவாலங்காட்டுச் செப்பேடும் வரலாற்று நூல்களிற் பயின்று வருவன. அவற்றில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. பொறித்த ஏடே படிக்கவும்பட்டது. ஐரோப்பிய நாடுகளிலோ, பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிச் செம்பு வேறொரு தொண்டிற்கும் பயன்படலாயிற்று. ஆங்குத் தகட்டில் ஓவியம் வெட்டப்பட்டது. வெட்டிய தகடு காண்போர்க்கு உரியதன்று. அதிலிருந்து தாளிற் பதித்தெடுத்த படியே அவர்க்கு உரியது. ஆதலின் செதுக்குவோன் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றியே செதுக்குதல் வேண்டும். அவ்வாறு செய்ய மறந்தான் ஒருவன் வெட்டிய ஓவியத்தில், வலக்கையால் வாள் பிடித்த வீரன் இடக்கை வீரனாகிவிடுவான்.

இக்கலை நிகழும் முறை அறியத்தக்கது. நன்கு மெருகிட்ட தகட்டின்மீது கூரிய எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கோடாகக் கீறுவர். இஃது ஒரு முறை. மற்றொரு முறையில் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சொன்றைத் தடவி, ஊசியால் அப்பூச்சை மட்டும் கீறி, பின்பு அமிலத்தில் இடுவர். பூச்சு நீங்கிய இடங்களை அமிலம் அரிக்கும். ஏனைய இடங்கள் காக்கப்படும். இரண்டு முறைகளிலும் பின்னர் நிகழ்வது ஒன்றே. தகடு முழுதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். அதன்மேல் ஈரத்தாளை வைத்து, கனத்த உருளைகளினிடையே செலுத்துவர். அழுத்தம் மிகுதியாதலின் தாள் பள்ளத்துள் புகுந்து மையை உறிஞ்சி வரும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு தழும்பை விட்டுச் செல்லும். செம்பு மெல்லிய உலோகமாதலின், படிகள் பெருகப் பெருகக் கோடுகள் தேயும். முதலில் எடுத்த படிக்கும் பிற்பட எடுத்த படிக்கும் உள்ள வேறுபாட்டைப் பயின்ற கண் எளிதிற் காணும்.

கோட்டினால் அமைந்த ஓவியத்தில் மேகத்தின் மென்மையும் நீரின் நிழலும் எளிதில் வாரா. அக்குறையை நீக்கத் தகட்டின்மீது குங்கிலியம் போன்ற பிசினின் நுண்பொடியைத் தூவிச் சூடேற்றி, அமிலத்தில் இடும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் பரவிற்று. பொடித் துகள்களினிடையே அமிலம் அரிக்க, நீர்வண்ணம் தோய்த்தாற்போன்ற சாயல் தாளில் உண்டாகும். தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் இம்முறையில் வல்லவர். சிறிய தந்தையும் மகனும் போல் உறவுடைய இவர்கள் 1792-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, தென்கோடி வரை பயணம் செய்து, கண்டவற்றை வரைந்து சென்றனர். தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரத்துக் குடைவரைகளும் 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்தம் 144 ஓவியங்களில் இடம்பெற்றன. ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டிலேயே என்பதை நினைத்தால், இவ்வோவியங்களின் அருமை விளங்கும்.

தகட்டிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே நிறத்துப் படியே. வண்ணம் தீட்டுதல் தனித் தொழிலாக நடைபெற்றது. ஓவியனோ ஆசிரியனோ ஒப்புதல் அளித்த மாதிரிப் படியொன்றை முன்வைத்துக்கொண்டு, தொழிலாளர் தூரிகையால் ஒவ்வொரு தாளிலும் நீர்வண்ணம் தீட்டினர். ஒருவர் சிவப்பைத் தீட்ட, அடுத்தவர் நீலத்தைத் தீட்டுவர். பெண்டிரும் சிறுவரும் இவ்வேலையில் மிகுதியாக அமர்த்தப்பட்டனர். கைவேலையாதலின் ஒரு படியைப் போல் மற்றொரு படி முற்றும் ஒத்திராது. நூலின் முகப்பில் ஓவியர் பெயரும் செதுக்கியவர் பெயரும் காணப்படும். வண்ணம் தீட்டிய கைகளின் பெயரோ எங்கும் காணப்படாது. அவ்வண்ணங்களும் நிலையானவை அல்ல. செம்பிலிருந்து செய்த பச்சை காலப்போக்கில் தாளையே அரித்துப் பழுப்பாக்கும். ஈய வெள்ளை கெட்ட காற்றுப் பட்டுக் கருக்கும். அவுரி நீலம் வெயிலில் வெளிறும். அந்நாளில் அந்நீலத்தை உலகிற்கு அளித்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரி பெருமளவிற் பயிரிடப்பட்டது.

இனி, இக்கலை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தோடு தொடர்புறும் வரலாற்றைக் காண்போம். திண்டிவனத்திற்குத் தெற்கிலும் விழுப்புரத்திற்கு வடகிழக்கிலும், வராக நதிக்கரையில், திருஞானசம்பந்தர் பாடிய திருவக்கரை என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் மேட்டுநிலத்தில் அடிமரங்கள் பல கல்லாகிக் கிடக்கின்றன. திருமாலால் அழிந்த வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்று ஊரார் சொல்வர். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்களில், நீரிற் கரைந்த சிலிக்கா என்னும் பொருள் அணு அணுவாக ஊடுருவி, மரப்பொருள் இருந்த இடத்தைத் தான் பற்றிக்கொண்டது. மரத்தின் ஆண்டு வளையமும் கணுவும் கல்லில் அப்படியே தங்கின. அவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையுடையன என்பர். இக்கல்மரங்களை 1781-ஆம் ஆண்டில் முதன்முதல் எழுத்தில் குறித்த ஐரோப்பியர் பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் என்று புவியியல் ஆய்வுத் துறையினர் கூறுவர்.

சொன்னரா 1748-ஆம் ஆண்டில் லியோன் நகரில் பிறந்தவர். இயற்கைப் பொருள்களைத் தேடுவதிலும் வரைவதிலும் ஈடுபாடுடையவர். புதுச்சேரியில் தங்கிய அவர், கிழக்கிந்தியத் தீவுகளையும் சீனத்தையும் இந்தியாவையும் பற்றித் தாம் எழுதிய பயண நூலை 1782-ஆம் ஆண்டில் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் 140 செப்புத் தகட்டு ஓவியங்கள் இருந்தன. கோயில் தெய்வங்களும், கைத்தொழில் செய்வோரும், பறவைகளும், செடிகொடிகளும் அவற்றில் இடம்பெற்றன. சில படிகளுக்குக் கையால் வண்ணமும் தீட்டப்பட்டது.

அப்பறவைகளுள் தமிழர்க்கு மிகப் பழகியது ஒன்றுண்டு. முல்லை நிலத்துக் கருப்பொருளாக இலக்கண நூலார் வகுத்த கானக்கோழியே அது. சேவலையும் பேட்டையும் தனித்தனி ஓவியங்களாகச் சொன்னரா அளித்தார். சேவலின் கழுத்திறகு சாம்பல் நிறத்தது. ஒவ்வோர் இறகிலும் மஞ்சள் நிற அரக்குத் துளி போன்ற மினுமினுப்பான புள்ளிகள் அமைந்திருக்கும். இப்புள்ளிகளை உளிக்கோடு காட்டாது. வண்ணம் தீட்டிய கையே காட்டும். 1813-ஆம் ஆண்டில் டெம்மிங்க் என்னும் டச்சு அறிஞர் இப்பறவைக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, சொன்னராவின் பெயரையே அதற்கு அளித்தார். சங்கப் புலவர் பாடிய கோழி, பதினெட்டு நூற்றாண்டு கழித்து ஒரு பிரெஞ்சுப் பெயரோடு நூல்களில் உலாவரலாயிற்று. இதனை விந்தை என்பதா, நம் மெத்தனத்தின் விளைவு என்பதா?

எனினும், சொன்னராவின் கூற்றனைத்தும் மெய்யென்று கொள்ளுதல் கூடாது. 1776-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முந்தைய நூலொன்றில், நியூகினித் தீவிற் கண்டவை எனச் சில பறவைகளைக் காட்டினார். அவற்றுள் பெங்குவின்களும் உண்டு. நகைப்பது போல் ஒலிக்கும் பெரிய மீன்கொத்தி ஒன்றும் உண்டு. பெங்குவின்கள் அத்தீவில் வாழ்வன அல்ல. அம்மீன்கொத்தி ஆத்திரேலியாவிற்கு உரியது. சொன்னராவும் நியூகினியில் அடி வைத்தவரல்லர். பிறர் அளித்த பறவைத் தோல்களைத் தாமே கண்டனபோல் எழுதினார் போலும். அவர் நூலை நம்பி 1783-ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் அம்மீன்கொத்திக்கு நியூகினியின் பெயரைச் சூட்டினார். முதலில் இட்ட பெயரே நிலைபெறும் என்பது அவ்வறிவியலின் விதி. ஆகவே, பிழை வெளிப்பட்ட பின்னரும் பெயர் மாறவில்லை. ஓவியத்திற் குற்றமில்லை, அதன்கீழ் எழுதிய ஊர்ப்பெயரிலேயே குற்றம்.

இதற்கு மறுதலையாக, ஓவியமே சான்றாக எஞ்சிய நிகழ்ச்சியும் உண்டு. இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் வரலாற்றை டக்டேல் என்பவர் 1658-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாலயத்துக் கல்லறைச் சின்னங்களை ஹாலர் என்னும் கலைஞர் தகட்டில் வரைந்தளித்தார். எட்டே ஆண்டுகளில், 1666-ஆம் ஆண்டில், அந்நகரை எரித்த பெருந்தீயில் பேராலயம் அழிந்தது. ஜான் டன் என்னும் கவிஞரின் பளிங்குச் சிலை தப்பியது. அரசரும் பெருமக்களும் துயின்ற சின்னங்கள் பலவற்றின் வடிவத்தை இன்று அறிவதற்கு ஹாலரின் படிகளே துணை. நம் நாட்டில் தஞ்சையிலுள்ள சுவார்ட்சு ஐயரின் பளிங்குச் சின்னம், இரண்டாம் சரபோசி மன்னர் பிளாக்சுமன் என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்தது, இன்றும் நேரிற் காணக் கிடைப்பது நற்பேறே.

தீயினும் கொடிய பகை ஒன்று இந்நூல்களுக்கு உண்டு. முழு நூலை விற்பதினும், ஏடுகளை அறுத்துத் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் ஊதியம் மிகும் என்று கண்ட வணிகர், எண்ணற்ற நூல்களைக் குலைத்தனர். அறுத்த ஏட்டில் படம் இருக்கும். அதனைப் பற்றிய எழுத்து இராது. வண்ணமில்லாப் படிக்குப் பிற்காலத்தில் வண்ணமேற்றிப் பழையது எனச் சொல்லி விற்பாரும் உளர். இவற்றை ஆராய்வோர் முதலில் தகட்டுத் தழும்பைத் தேடுவர். பின்பு உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவர். தகட்டில் அச்சானதாயின் கோட்டு மை தாளின்மேற் சற்றே எழுந்து நிற்கும். வண்ணம் அக்கோட்டைச் சிறிது தாண்டியும் கிடக்கும். இக்காலத்து எந்திரப் படியாயின், எல்லாம் புள்ளிக் கூட்டமாகவே தோன்றும்.

பெருநூலகங்கள் பல இத்தகைய நூல்களை ஏடுதோறும் படமெடுத்து இணையத்தில் வைத்துள்ளன. திருவக்கரைக் கல்மரங்களைக் கண்டு திரும்பும் திண்டிவனத்து மாணவன், அன்று மாலையே சொன்னராவின் கானக்கோழியைத் திரையில் விரித்து, அதன் கழுத்து மஞ்சட் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம்.