அவசர அழைப்பும் ஐஸ்கிரீமும்

ஒலுவிலில் நள்ளிரவு வேளை ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், வீட்டார் நாடக்கூடிய எண் 1990. காசு வாங்காமல் வரும் சுவசெரிய அம்பியுலன்சின் எண் அது. பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110. பூட்டிய கைபேசியிலும் அவசர அழைப்புக்கு வழி உண்டு. ஆதலால் விளையாடும் குழந்தை எதையோ அழுத்திவிட, வாப்பா பதறிப் போய் மறுமுனையில் மன்னிப்புக் கேட்க நேர்வதுண்டு. குழந்தையை நாம் குறை கூறோம். வளர்ந்தவர்களின் கூத்தைக் கேளுங்கள்!

2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு பெண்மணி 999ஐ அழைத்தார். தாம் வாங்கிய ஐஸ்கிரீமின் மேல் தூவும் இனிப்புத் துகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்ததாம். விற்றவன் பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தானாம்! அமெரிக்காவின் புளோரிடாவில், 2009இல், உணவகத்தில் கோழித் துண்டுகள் தீர்ந்துவிட்டன என்று ஒருவர் மூன்று முறை அவசர எண்ணை அழைத்தார்.

நகைப்புக்குரியவைதாம். ஆயினும் 999 பிறந்த கதை நகைப்புக்குரியதன்று. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அயல்வீட்டார் ஒருவர் தீயணைப்புப் படையினரை அழைக்க முயன்றார். தொலைபேசி நிலையமோ அவரை வரிசையில் காக்க வைத்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். அவர் மனம் பொறாது பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவசர அழைப்பு காத்து நிற்கலாகாது என்பதற்காகவே 1937 ஜூன் 30இல் 999 லண்டனில் தொடங்கப்பெற்றது. அந்த வரிசையில்தான் இன்று ஐஸ்கிரீமும் வந்து நிற்கிறது.

அப்படியானால் அசட்டு அழைப்புகளை உடனே துண்டித்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். அதுவும் இயலாது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு பெண் 911ஐ அழைத்து, தமக்குப் பீட்சா வேண்டும் என்றார். தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டீர்கள் என்றார் பணியாளர். இல்லை, சரியான எண்தான் என்று அப்பெண் வற்புறுத்தவே, பணியாளருக்கு உண்மை புலப்பட்டது. வீட்டில் தாயை ஒருவன் தாக்குகிறான். அவன் காதில் விழ உதவி கேட்க முடியவில்லை. ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்டுச் செய்தியறிந்த பணியாளர், வீட்டை நெருங்குமுன் ஒலியை நிறுத்திவிடுமாறு பொலிசாருக்குச் சொல்லி அனுப்பினார். தாக்கியவன் கைதானான்.