உட்கார ஒரு சட்டம்

கடை ஊழியர்கள் வேலைநேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கத் தேவையில்லை என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது 2021 இல்தான். 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு அப்போது புதிதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018 இல், கேரளம் இதே விதியைக் கொண்டுவந்திருந்தது. ஊழியர் உட்காரலாமா கூடாதா என்பதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் ஜவுளிக்கடையில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் மட்டுமே இருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் வேறு உலகம். புடவை மாடியில் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த ஸ்டூல் உண்டு. கவுன்டருக்குப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் இடைவெளிதான் இருக்கும். காலையில் ஷட்டர் ஏறியது முதல் இரவில் இறங்கும்வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே கழியும். ஆளே வராத பிற்பகல் மூன்று மணிக்கும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசரின் குரல் வரும், அவர் இல்லாவிட்டால் கேமரா இருக்கிறது. கீழ்த்தட்டில் சரக்குத் தேடுகிற மாதிரி ஒரு நிமிடம் குந்திக்கொள்வது, விரித்துப்போட்ட புடவைகளை மடிக்கும் சாக்கில் இடுப்பைக் கவுன்டரில் முட்டுக்கொடுப்பது எல்லாம் இந்த வேலையில் முதல் வாரத்திலேயே படிந்துவிடும் வித்தைகள். சில ஆண்டுகளில் கால் வீக்கமும் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டலும் குதிகால் வலியும் வந்து சேரும். கழிவறைக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் உண்டு.

ஜவுளி வியாபாரம் எப்போதுமே இப்படி நின்று நடந்ததல்ல. பழைய கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் தரை முழுக்க வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை இருக்கும். வாங்க வந்தவர்களும் உட்காருவார்கள், எதிரே புடவையை விரித்துப்போடுகிறவரும் உட்காருவார், கல்லாப்பெட்டியருகே திண்டில் சாய்ந்தபடி முதலாளி இருப்பார். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் அப்படித்தான். கண்ணாடி கவுன்டரும் அடுக்குமாடிக் கடையும் வந்தபிறகுதான் விற்பவர் எழுந்து நின்றார். நிற்பதுதான் சுறுசுறுப்பு, நிற்பதுதான் வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்ற எண்ணமும் கூடவே வந்தது.

அந்த எண்ணத்துக்கு இந்த மண்ணில் ஆழமான வேர் உண்டு. பெரியவர், மேல்சாதிக்காரர், முதலாளி என யார் முன்னாலும் கைகட்டி நிற்பதைப் பணிவென்று பழகிய சமூகம் இது. யார் எங்கே நடக்கலாம், எதில் ஏறலாம், யார் முன் உட்காரலாம் என்பதெல்லாம் திருவிதாங்கூரில் சாதி வகுத்த கணக்காக இருந்தது. 1893 இல் திருவனந்தபுரம் அருகே வெங்கானூரில் தலித் தலைவர் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனது அந்தக் கணக்கை உடைக்கத்தான். கடைமாடியில் உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கண்டதும் ஒரு முதலாளிக்கு வரும் எரிச்சலில் வியாபாரக் கணக்கு பாதி என்றால், இந்தப் பழைய கணக்கு மீதி.

தொழிற்சாலைகளுக்கு இந்த விஷயம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு ஓய்வு வாய்க்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44 ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனோ 1899 லேயே கடைகளுக்கென்று தனிச்சட்டம் போட்டு, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று எண்ணிக்கையோடு வகுத்தது. இந்திய மாநிலங்களின் கடைச் சட்டங்களோ வேலைநேரம், வார விடுமுறை, சம்பளம் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசின. சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது முதலாளியும் இரண்டு கணக்குப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடையாக இருக்கலாம். ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் நிற்கும் கடையை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடைவெளியைச் சட்டசபைக்குக் கொண்டுபோனவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்துவந்த பி. விஜி, 2009-10 வாக்கில் கடைப்பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை இருக்கையல்ல, கழிவறை. நகரின் பெரிய கடைத்தெருவில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை, பக்கத்து ஹோட்டல்களைத் தேடி ஓட வேண்டும். அந்தப் போராட்டத்தில் சேர்ந்த பெண்கள்தான் அடுத்ததாக உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். பெரிய சங்கங்கள் அமைப்புசாராக் கடைப்பெண்களை அதிகம் கண்டுகொள்ளாததால் தங்களுக்கென்று தனித் தொழிற்சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

2014 இன் இறுதியில் திருச்சூரில், ஒரு பெரிய துணிக்கடையின் பெண் ஊழியர்கள் சிலர் கடைவாசலில் உட்கார்ந்து போராடினார்கள். மலையாளத்தில் அதற்கு ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். கடைக்குள் உட்காரக் கூடாதென்றால் வாசலில் உட்காருவோம் என்ற எளிய தர்க்கம். நூறு நாட்களுக்கு மேல் அது நீண்டது. பெரிய விளம்பரதாரர் ஒருவருக்கு எதிரான போராட்டம் என்பதால் செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு, சமூக ஊடகங்களில்தான் பரவியது. விஜியின் பெயர் 2018 இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்ததற்கு இந்தப் பின்னணிதான் காரணம்.

அதே ஆண்டு கேரள அரசு, 1960 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து பிறகு முழுச் சட்டமானது. இருக்கையோடு வேறு சிலவும் அதில் இருந்தன. பெண்களின் வேலைநேர வரம்பு இரவு 7 மணியிலிருந்து 9 மணியானது. அதற்கு மேல் வேலை என்றால் பெண்ணின் சம்மதம் வேண்டும், குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவாக, அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், திரும்பிப்போக வாகன வசதியும் கடைக்காரர் பொறுப்பு. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய்வரை, மீண்டும் மீறினால் 2 லட்சம்வரை.

தமிழ்நாட்டில் இப்படிப் பெயர் சொல்லும்படி ஒரு நீண்ட போராட்டம் நடக்கவில்லை. சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளில் நிற்கும் தென்மாவட்டப் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010 இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படமாகக் காட்டியது. படம் ஓடியது, பார்த்தவர்கள் கலங்கினார்கள், மறுநாள் அதே கடைகளில் துணி எடுத்தார்கள். 2019 செப்டம்பர் 4 அன்று மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் இருக்கை யோசனை வந்தபோது, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவை அவையில் வைத்தார். ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லா ஊழியருக்கும் இந்த உரிமையை அது தந்தது. பெண்கள் வாங்கிக்கொடுத்த நாற்காலியில் ஆண்களும் உட்கார்ந்தார்கள்.

இரண்டு சட்டங்களிலும் நுட்பமான இடம் ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்ற சொற்றொடர். வாய்ப்பு வந்ததா என்று தீர்மானிப்பது யார்? சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போடும். அதில் உட்கார்ந்தவரைச் சூப்பர்வைசர் எப்படிப் பார்க்கிறார் என்பது சட்டத்தின் கைக்கு எட்டாதது. ஆய்வாளர் வரும் நாளில் வெளியே வந்து, போனதும் கிடங்குக்குள் போகும் ஸ்டூலாலும் விதியை நிறைவேற்றியதாகக் காட்டிவிடலாம். நிஜமாகவே உட்கார வைக்க நினைக்கும் முதலாளி செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்: கவுன்டருக்குப் பின்னே இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்குவது, சுவரோடு மடக்கும் பலகை இருக்கை பொருத்துவது, கூட்டம் மிகுந்த ஓணம், தீபாவளி நாட்களில் முறைவைத்து ஆளை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்தவரைக் கேமராவில் பிடித்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்வது. கடைசியதற்குத்தான் செலவே இல்லை, அதுதான் நடப்பதும் அரிது.

உட்கார்ந்தால் விற்பனை குறையும் என்ற வாதத்துக்குப் பதில் வியாபார உலகத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆல்டி கடைகளில் பில் போடுகிறவர்கள் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். அமெரிக்காவில் காசாளர்கள் நிற்பதே வழக்கமாக இருந்தும், அங்குள்ள தன் கிளைகளிலும் அந்த நிறுவனம் இருக்கையை விடவில்லை. விலை மலிவுக்குப் பெயர்போன நிறுவனம் அது, வீண்செலவு செய்கிற ரகமல்ல.

முதலாளி மனம் வைத்தாலும் அவர் முடிவு வேலையிடத்தின் வாசலோடு நின்றுவிடலாம் என்பதைக் கொச்சி மெட்ரோ காட்டியது. 2017 இல் அந்த அரசு நிறுவனம் கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ வழியாக 23 திருநர்களை வேலைக்கு எடுத்ததை நாடே பாராட்டியது. ஒரே வாரத்தில் எட்டுப் பேர் விலகினார்கள். வேலையில் குறையில்லை, நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை.

சட்டங்களின் எண்ணிக்கை வரம்புகளும் பலரை இப்படி வெளியே நிறுத்துகின்றன. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ஊழியர் இருந்தால்தான் நிறுவனத்துக்குள்ளேயே புகார்க் குழு. அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான குழுவைத் தேடிப்போக வேண்டும். மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்தால் 26 வாரமானது. குழந்தைகள் காப்பகம் கட்டாயமாவதற்கோ 50 ஊழியர் வேண்டும். மூன்று பெண்கள் நிற்கும் ஃபேன்ஸி ஸ்டோருக்கு இந்தக் கணக்குகளில் இடமில்லை. இருக்கை விதிக்கு அந்த வரம்பு இல்லை என்பது அதன் தனிச் சிறப்பு.

எண்ணிக்கை வரம்பு போலவே நேர வரம்பும் சிலரை வெளியே விடுகிறது. பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்கு வருவதென்றால், விதுரை, நெடுமங்காடு வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம். காலை நெரிசலில் அந்த வேலைநாள் பஸ்ஸிலேயே நின்றபடி தொடங்கிவிடும். கேரளச் சட்டத்தின் வாகன வசதி 9 மணிக்கு மேல் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். 8.50 க்கு ஷட்டரை இறக்கும் கடைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அங்கே வேலை முடித்த பெண் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து, மலைப்பக்கம் போகும் வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியதுதான்.