குடல் சோதனைக்கு முன் குடிக்கும் பேதி மருந்து: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சிலருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் "கொலனோஸ்கோப்பி" செய்யத் தேதி கிடைக்கிறது. ஆசனவாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை இது. அதற்கு முன் குடிக்க ஒரு பேதி மருந்தும் கொடுத்தனுப்புகிறார்கள். வம்பு அந்த மருந்தில்தான் தொடங்குகிறது.

"அதக் குடிச்சா கொடலே கழண்டு வந்துருமாம்" என்பார் ஒருவர். "பேதி மருந்துதானே, நம்ம பாட்டி குடுக்காத வெளக்கெண்ணெயா?" என்பார் இன்னொருவர். முதலாமவர் பயந்து சோதனைக்கே போகமாட்டார். இரண்டாமவர் தன் உடம்பில் உள்ள நோயைச் சொல்லாமலே மருந்தைக் குடித்துவிடுவார். இரண்டும் ஆபத்து.

சோதனை எதற்கு?

நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு இதைச் சொல்கிறது. பத்தில் ஏழு பேருக்கு நோய் முற்றி, மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதையும் அதே பதிவேடு காட்டுகிறது.

2014 முதல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரத்தம் இருந்தால் கொலனோஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். குடலில் சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம். அதை விட்டு வைத்தால் பல வருடம் கழித்துப் புற்றாக மாறக்கூடும்.

ஆனால் குடலில் மலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சதை டாக்டர் கண்ணுக்குப் படாது. மருந்தைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டினால், சோதனையை இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டி வரலாம்.

எல்லாப் பேதி மருந்தும் ஒன்றல்ல

முதல் வகை, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் தூள். ஃபோர்ட்ரான்ஸ் போன்ற பெயரில் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மொத்தம் மூன்று நான்கு லிட்டர் குடிக்கச் சொல்வார்கள். அளவுதான் மலைப்பாக இருக்கும். மற்றபடி இது பாதுகாப்பானது. இந்தத் தூள் உடம்பில் சேராது. தண்ணீரைக் குடலிலேயே பிடித்து வைத்து, மலத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விடும். உப்புச் சத்துகளும் அளவாகக் கலந்திருப்பதால் உடம்பின் நீரும் உப்பும் பெரிதாகக் குறையாது. இந்த முறை 1980 இல் அமெரிக்காவில் வெளியானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொதுவாக இதையே கொடுக்கிறார்கள்.

இரண்டாம் வகை, சோடியம் பிக்கோசல்ஃபேட்டும் மக்னீசியமும் சேர்ந்தது. குடிக்கும் மருந்து கொஞ்சம்தான். ஆனால் கூடவே நிறைய நீராகாரம் குடிக்க வேண்டும். அப்போது வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு இது ஆகாது.

மூன்றாவது, சோடியம் ஃபாஸ்ஃபேட் கரைசல். சின்னப் புட்டி, குடிக்க எளிது. அதனால் ஒரு காலத்தில் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் இது உடம்பிலுள்ள நீரை இழுத்துக் குடலில் கொட்டுகிறது. ஃபாஸ்ஃபேட்டும் இரத்தத்தில் சேர்ந்து, சுண்ணாம்புச் சத்தோடு கூடிச் சிறுநீரகத்தில் படிந்துவிடலாம். 2005 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள், இப்படிப் பாதிக்கப்பட்ட 21 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். நால்வர் நிரந்தரமாக டயாலிசிஸ் செய்யும் நிலைக்கு வந்தார்கள். மற்ற 17 பேருக்கும் சிறுநீரகம் பழையபடி திரும்பவில்லை. 21 பேரில் 16 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. கடையில் சீட்டில்லாமல் விற்ற ஃப்ளீட் ஃபாஸ்ஃபோ சோடாவை அதைத் தயாரித்த நிறுவனமே அங்கே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒருவருக்கு ஒத்துப்போன மருந்து இன்னொருவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பக்கத்து லயத்துக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிக் குடிக்காதீர்கள். கடையில் பேதி உப்பு வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி மருந்தோடு விளக்கெண்ணெய், நிலாவாரை எதையும் சேர்க்காதீர்கள்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

தேதி வாங்கும் நாளிலேயே, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள்: 2019 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் அப்போது வயது வந்தவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். சாப்பாடு இல்லாமல் வழக்கமான அளவு ஊசியோ மாத்திரையோ எடுத்தால் இனிப்பு இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்: நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள்: அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். வழக்கமாக ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள்.

கர்ப்பிணிகள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், முன்பு வயிற்றில் ஆப்பரேஷன் செய்தவர்கள், பல நாளாக மலமோ வாயுவோ போகாமல் வயிறு உப்பியிருப்பவர்கள்: குடல் அடைபட்டிருக்கும்போது பேதி மருந்து குடித்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஒன்றையும் மறவாதீர்: பேதி மருந்து குடிக்கும் நேரத்தை ஒட்டி விழுங்கும் மாத்திரை உடம்பில் சேராமல் அடித்துக்கொண்டு போய்விடலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுவோர் இதை அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கடலை, கொய்யா, விதையுள்ள பழங்களை விடுங்கள். வெள்ளைச் சோறு, மீன், முட்டை சாப்பிடலாம். முந்தின நாள் ஆஸ்பத்திரி சொன்ன நேரத்திலிருந்து தெளிந்த நீராகாரம் மட்டும்: வடிகட்டிய சூப், பால் சேர்க்காத தே ஓ, குளுக்கோஸ் தண்ணீர். மைலோ, பால், கஞ்சி கூடாது. ரோஸ் சிரப் போன்ற சிவப்புத் தண்ணீரும் வேண்டாம். அது குடலில் இரத்தம் போலத் தெரியும்.

மருந்தைக் குளிரவைத்து, பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் வீதம் குடியுங்கள். குமட்டினால் அரைமணி நேரம் விட்டுத் தொடருங்கள். பாதியை முதல்நாள் மாலையும் மீதியைச் சோதனை நாள் காலையும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். அதுதான் குடலை நன்றாகச் சுத்தமாக்கும். காலையில் எத்தனை மணிக்குக் குடிப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு வையுங்கள். கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போகும் வழியில் வயிறு கலக்கலாம். மாற்றுச் சாரம் ஒன்றைப் பையில் வையுங்கள்.

கொஞ்சம் குமட்டல், வயிறு உப்பல், குளிர், ஆசனவாய் எரிச்சல் வருவது சகஜம். வாஸ்லின் தடவினால் எரிச்சல் குறையும். கடைசியில் சிறுநீர் போல மஞ்சளாகத் தெளிந்து போனால் குடல் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் நின்றுபோகும் நாளாக இருக்கலாம், முன்கூட்டியே பிடித்து வையுங்கள். கக்கூசு பின்பக்கம் இருந்தால் ராத்திரி விளக்கை அணைக்காதீர்கள். இருட்டில் அவசரமாக ஓடி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது மருந்தைவிடப் பெரிய கேடு. வயதானவர்களைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி வைத்தால் வெட்கம் ஒன்றுமில்லை.

அன்றைக்குக் குலை வெட்டப் போகாதீர்கள். வெயிலில் நீர் வற்றிச் சுருண்டு விழுவீர்கள். முந்தின நாளுக்கும் லீவு வேண்டுமென்று தேதிச் சீட்டைக் காட்டி முன்கூட்டியே கேளுங்கள். சோதனையில் மயக்க ஊசி போடுவதால் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கூட ஓர் ஆள் வரட்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

நிற்காத வாந்தி, மயக்கம், பிதற்றல், வலிப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிறு கல்லாக உப்பிக் கடுமையான வலி, மலத்தில் இரத்தம், சிறுநீர் வராமை, உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்துங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

இவ்வளவு படித்ததும் "இது நமக்கு எதுக்கு" என்று தேதியைத் தள்ளிவிடாதீர்கள். பேதி ஒரு ராத்திரியோடு போய்விடும். குடலில் வளரும் சதை தானாகப் போகாது. தோட்ட மருந்தகத்துக்கு வந்து மாத்திரைப் பையைக் காட்டுங்கள். எதை ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதிக்கொள்வோம்.