சட்டையில் குத்திக்கொள்ளும் திருவிழா

சியாட்டில்ல பத்து மாசம் தூறல், ரெண்டு மாசம் திருவிழா. கொஞ்சம் மிகைதான், ஆனா ரொம்ப இல்லை. ஜூலை பிறந்தா ஊரே ஏரிக்கரையில் கிடக்கும். இந்த ரெண்டு மாசக் கூத்துக்குப் பேர் சீஃபேர். ஒரு பேட்டையில் ஊர்வலம், இன்னொரு பேட்டையில் நடனம், ஏரியில் படகுப் போட்டி, வானத்தில் விமானம்னு ஆகஸ்ட் வரைக்கும் ஓடும்.

இதுக்கு ஒரு 'பின்' உண்டு. ஸ்கிப்பர் பின்னுன்னு பேரு. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு டிசைன். சட்டையில் குத்திக்கிட்டா நீங்களும் திருவிழாவில் ஒரு ஆள். எங்க ஊர்ல காப்பு கட்டுற மாதிரின்னு வச்சுக்கோங்களேன், விரதம் மட்டும் கிடையாது :-) ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனா, துருப்பிடிச்ச சாவிகளுக்கும் பழைய பியர் மூடிகளுக்கும் நடுவுல இந்தப் பின்கள் ஒரு தட்டு நிறையக் கிடக்கும். தொப்பி முழுக்கக் குத்தி, தலையே ஒரு பக்கமா சாயுற தாத்தாக்களையும் பார்க்கலாம். "இந்த வருஷம் நான் கல்யாணம் பண்ணேன், இந்த வருஷம் போயிங்ல வேலை போச்சு"ன்னு பின்னை வச்சே சொந்தக் கதை சொல்லுவாங்க. நான் ரெண்டு வருஷத்துல நாலு பின் சேர்த்திருக்கேன். தீசிஸ் அத்தியாயம் அந்த அளவுக்குச் சேரலைங்கிறது தனிக் கதை.

சரி, மேட்டருக்கு வருவோம். சீஃபேர் ஆரம்பிச்சது 1950ல். நவம்பர் 1851ல் ஆல்கை கரையில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்து இறங்கின நூற்றாண்டு நெருங்கிக்கிட்டு இருந்த நேரம். வியாபாரிகளும் நகரப் பெரியவங்களும் சேர்ந்து கோடையில் ஒரு விழா வேணும்னு முடிவு பண்ணாங்க. மாதிரிக்கு மினியாபொலிஸ் ஊரை எடுத்துக்கிட்டாங்க. அங்கே 1940லிருந்தே அக்வாடென்னியல்னு ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. அங்கிருந்து தண்ணீர் நாட்டிய கோஷ்டியையே இறக்குமதி பண்ணி, அதுக்காக கிரீன் லேக் ஓரத்தில் 5000 பேருக்கு மேல உட்காரக்கூடிய ஒரு தண்ணீர் மேடையைச் சில வாரங்களில் கட்டி முடிச்சாங்க. 1969ல் அதே மேடையில் லெட் ஸெப்பலினும் கிரேட்ஃபுல் டெட்டும் பாடினாங்க. இப்போ மிச்சம் இருக்கிறது கான்கிரீட் படிக்கட்டு கொஞ்சம். சாயங்காலம் அதுல உட்கார்ந்து வாத்துக்கு ரொட்டி போடுறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஆனா சீஃபேரை சீஃபேர் ஆக்கினது நாட்டியம் இல்லை. ஒரு படகு. பேரு ஸ்லோ-மோ-ஷன் 4. ஸ்டான்லி சேயர்ஸ்னு ஒரு கார் வியாபாரி முதலாளி, டெட் ஜோன்ஸ் வடிவமைச்சார், ஆங்கர் ஜென்சன் கட்டினார். 1950 ஜூன் 26 அன்னிக்கு லேக் வாஷிங்டன்ல மணிக்கு 160 மைல் தாண்டி உலக சாதனை. அதுவரைக்கும் இருந்த சாதனை 141 மைல் சொச்சம். படகு தண்ணியில் மிதக்கிறதே இல்லைன்னு சொல்லலாம். முன்னாடி ரெண்டு மிதவை நுனியும் பின்னாடி பாதி மூழ்கின புரொபெல்லரும் மட்டும்தான் தண்ணியைத் தொடும், மத்ததெல்லாம் காத்து. பின்னாடி சேவல் வால் மாதிரி தண்ணி எழும்பும். உள்ளே இருந்தது ரெண்டாம் உலகப் போர் விமானத்தோட எஞ்சின்.

அதே கோடையில் அந்தப் படகு டெட்ராய்ட் போய் கோல்டு கப்பை ஜெயிச்சது. ஜெயிச்சவங்க ஊர்லதான் அடுத்த போட்டிங்கிறது விதி. அதனால 1951ல் கோல்டு கப் சியாட்டிலுக்கு வந்தது. அப்போ இந்த ஊருக்கு மேஜர் லீக் பேஸ்பால் டீமும் கிடையாது, கூடைப்பந்து டீமும் கிடையாது. சூப்பர்சானிக்ஸ் வந்ததே 1967ல்தான். கிழக்குக் கரைக்காரங்க கண்ணுக்கு ஒரு மரக்கடை ஊர். அப்படிப்பட்ட ஊருக்கு உலகத்திலேயே வேகமான படகு கிடைச்சா சும்மா இருப்பாங்களா? அம்பதுகள்ல இங்கே வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைச் சொல்றாங்க. பலகையில் குட்டி ஹைட்ரோபிளேன் செஞ்சு, பெயின்ட் அடிச்சு, கயிறு கட்டி சைக்கிளுக்குப் பின்னாடி தெருவுல இழுத்துக்கிட்டுப் போவாங்களாம். நாம நுங்கு வண்டி ஓட்டின மாதிரி. என்னைக் கேட்டா, இந்த விழாவோட உண்மையான நினைவுப் பொருள் அந்தப் பலகைப் படகுதான். கடையில் வாங்கின பின் எல்லாம் ரெண்டாம் பட்சம்.

சந்தோஷம் மட்டும் இல்லை. 1951 போட்டியிலேயே குவிக்சில்வர்னு போர்ட்லாண்ட் படகு ஒண்ணு மூழ்கி, ஓட்டுனரும் மெக்கானிக்கும் செத்துப் போனாங்க. எந்தப் பின்னிலும் அது இல்லை. ஸ்லோ-மோ-ஷன் 4 1956ல் டெட்ராய்ட்ல நொறுங்கிச்சு. ஒட்டிச் சேர்த்து இங்கே நகர அருங்காட்சியகத்துல தொங்க விட்டிருக்காங்க. அதே வருஷம் சேயர்ஸும் காலமானார். போட்டிப் படகுகளை நிறுத்துற இடத்துக்கு இப்பவும் அவர் பேர்தான்.

1955 ஆகஸ்ட்ல இன்னொரு கூத்து. படகுப் போட்டிக்குக் கரையெல்லாம் கூட்டம். விமானக் கம்பெனி விருந்தாளிகளோட போயிங் தலைவர் பில் ஆலன் உட்கார்ந்திருக்கார். புது ஜெட் டேஷ் 80 மேல வருது. டெக்ஸ் ஜான்ஸ்டன்னு பைலட். அந்தப் பெரிய விமானத்தை அப்படியே ஒரு உருட்டு உருட்டினார். தலைகீழ். போதலைன்னு திரும்பி வந்து இன்னொரு தடவை! மறுநாள் ஆபீஸ்ல என்ன பூசை கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா அந்த விமானத்தோட வாரிசுதான் 707, உலகத்தையே ஜெட்ல ஏத்தினது.

விமானம்னு வந்துட்டதால ஒண்ணு சொல்லணும். 1972லிருந்து கடற்படையோட புளூ ஏஞ்சல்ஸ் இங்கே வர்றாங்க. நடுநடுவே வராத வருஷங்களும் உண்டு, 2013ல் பட்ஜெட் வெட்டு, 2020லயும் 2021லயும் கொரோனா. அவங்க பறக்கும்போது ஏரிக்கு மேல இருக்கிற ஐ-90 பாலத்தையே மூடியிருக்காங்க. பார்க்க அட்டகாசம்தான், எனக்கும் மெய் சிலிர்த்தது. ஆனா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற ரெய்னியர் பள்ளத்தாக்குல வியட்நாம், சோமாலியா, எத்தியோப்பியாவிலிருந்து வந்தவங்க நிறைய. அங்கே எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் இருக்கார். 'கிபிர்' சத்தத்துக்குப் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவர். அந்த வார இறுதிக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைப்பக்கம் போயிடுவார். "இது விளையாட்டுப் பிளேன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. என்ர காதுக்குத் தெரியேல்லையே" என்றார். ஒவ்வொரு வருஷமும் சத்தத்தை நிறுத்தணும்னு ஒரு கோஷ்டி, அதெப்படின்னு ஒரு கோஷ்டி. நான் அக்கா பக்கம். மெய் சிலிர்க்கிறதுக்கு அந்தப் படகே போதும்.

இப்போ அந்தப் பழைய பின் தட்டுக்கு வர்றேன். அதுல ஒரு தடவை விநோதமா ஒரு பேட்ஜ் மாட்டிச்சு. பெரிய கண்ணு, பல்லு, பூதம் மாதிரி ஒரு முகம். கடைக்காரர் "பொட்லாட்ச் பக்" என்றார். சீஃபேருக்கு முன்னாடியே இந்த ஊருக்கு ஒரு கோடை விழா இருந்திருக்கு. கோல்டன் பொட்லாட்ச், 1911லிருந்து 1914 வரை. 1897 ஜூலையில் போர்ட்லாண்ட் கப்பல் குளோண்டைக் தங்கத்தோட வந்து இறங்கின ஞாபகார்த்தமா. நடத்தின சங்கத்துக்குப் பேரு 'டிலிகம்ஸ் ஆஃப் எல்ட்டாஸ்'. சியாட்டிலைத் திருப்பிப் போட்டா எல்ட்டாஸ், அவ்ளோதான் ரகசியம். 1913 விழாவில் பத்திரிகைச் செய்தி ஒண்ணு கிளப்பிவிட, கடற்படைச் சிப்பாய்கள் தொழிற்சங்க, சோஷலிஸ்ட் அலுவலகங்களைச் சூறையாடினது தனிப் பதிவுக்கான சரக்கு. முப்பதுகள்ல விழாவைத் திரும்பத் தூசு தட்டி 1941 வரைக்கும் நடத்திப் பார்த்தாங்க.

பொட்லாட்ச்ங்கிறது வடமேற்குக் கரைப் பழங்குடிகளோட சடங்கு. சீர் செய்யறவர் தன் சொத்தை விருந்தாளிகளுக்கு வாரிக் கொடுப்பார். சேர்த்தவன் இல்லை, கொடுத்தவன்தான் அங்கே பெரிய மனுஷன். இங்கிருந்து ரெண்டு, ரெண்டரை மணி நேரம் வண்டியில் வடக்கே போனா கனடா எல்லை. அந்தப் பக்கம் 1885லிருந்து 1951 வரைக்கும் இந்தச் சடங்கு சட்டப்படி குற்றம். அதாவது வியாபாரிங்க இங்கே பொட்லாட்ச்னு பேர் வச்சு பேட்ஜ் வித்துக்கிட்டிருந்த காலத்துல, அங்கே அதைச் செஞ்சவங்களுக்கு ஜெயில். 1921 டிசம்பர்ல நடந்த ஒரு பொட்லாட்ச்சுக்காகப் பலரைப் பிடிச்சாங்க. தண்டனையைக் குறைக்கணும்னா முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைக்கணும்னு நிபந்தனை. வாங்கினதெல்லாம் அருங்காட்சியகங்களுக்குப் போச்சு. இந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை. 1899ல் சியாட்டில் வர்த்தக சபைக்காரங்க அலாஸ்காவில் ஒரு டிலிங்கிட் கிராமத்துல, ஆள் வெளியே போயிருந்த நேரமா, குலக்கம்பத்தை வெட்டிக் கப்பல்ல ஏத்திட்டு வந்து பயனியர் சதுக்கத்துல நட்டாங்க. 1938ல் அது தீயில் கெட்டுப் போக, டிலிங்கிட் சிற்பிகளே 1940ல் புதுசா செதுக்கிக் கொடுத்தாங்க. சுற்றுலாக்காரங்க அது முன்னாடி நின்னு படம் எடுத்துக்கிறாங்க.

அந்த பேட்ஜை வாங்கினேனான்னு கேட்பீங்க. வாங்கினேன். சட்டையில் குத்தலை, மேசை டிராயர்ல இருக்கு.

பறிச்ச முகமூடிகள்ல கணிசமானது திரும்பி வந்து, 1980ல் அலர்ட் பே தீவுல திறந்த உமிஸ்தா மையத்துல இருக்கு. இங்கிருந்து வான்கூவர் தீவு போய், அதோட வடகோடியில் இன்னொரு படகு மாறணும். கனடா விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். அந்தப் பக்கம் போன மக்கள் யாராவது இருந்தா, படகு நேரமும் தங்குற செலவும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.