காகிதச் சிறு கோப்புறை

காகிதச் சிறு கோப்புறை என்பது வீணாகும் காகித, அட்டைத் துண்டுகளை மடித்து ஒட்டி, அழகுபடுத்தி, கடிதத்துடன் அஞ்சலில் அனுப்பும் உள்ளங்கை அளவுக் கைவினைப் பொருள் ஆகும். இதன் உட்பைகளில் சிறு ஓவியம், அஞ்சல்தலை, குறிப்புச் சீட்டு முதலியவற்றை வைப்பர். பெறுபவரும் ஒன்று செய்து பதிலுக்கு அனுப்புவது அஞ்சல் பரிமாற்றம் எனப்படும். கடைப் பொருட்கள் அதிகம் தேவைப்படாததால் சிற்றூர்ப் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்றது.

பின்னணி

பயன்படுத்திய அஞ்சல் உறைகளைப் பிரித்து, உட்புறத்தில் எழுதுவது காந்தியடிகளின் வழக்கம். 1934-இல் வார்தாவில் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில் கைக்காகிதத் தயாரிப்பை ஊக்குவித்தது. கையால் செய்த சிறு ஓவிய அட்டைகளைப் பரிமாறும் வழக்கம் 1997-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தொடங்கியது. அவ்வட்டையின் அளவு 64 × 89 மில்லிமீட்டர். கீழே கூறப்படும் கோப்புறை அந்த அட்டை நுழையும் அளவினது.

பொருட்கள்

திருமண அழைப்பிதழ் அட்டை, நாட்காட்டித் தாள், பழைய குறிப்பேட்டு மேலட்டை, கத்தரிக்கோல், அளவுகோல், பசை ஆகியவை போதும். அழைப்பிதழில் உள்ள பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். ஊர், மாவட்டப் பெயர்களை விட்டுவைக்கலாம். கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமானது. ஆகவே பழைய அழைப்பிதழின் முகவரித் துண்டே ஒரு வரலாற்றுக் குறிப்பாகிறது.

செய்முறை

1. அட்டையை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எளிதில் வளையும் திசையே இழை ஓடும் திசை. நடு மடிப்பு அத்திசையில் அமைந்தால் அட்டை வெடிக்காது.
2. 15 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும்.
3. அடியிலிருந்து 3 செ.மீ. மேல்நோக்கி மடித்து, இரு ஓரங்களையும் மெல்லிய கோடாகப் பசையிட்டு ஒட்ட வேண்டும்.
4. நடுவில் அளவுகோல் வைத்துக் கீறல் விழாமல் அழுத்தி, புத்தகம்போல் மடிக்க வேண்டும். 7.5 × 10 செ.மீ. அளவில் இரு உட்பைகளுடன் கோப்புறை கிடைக்கும்.
5. மைதாப் பசை ஈரத்தால் அட்டையை வளைக்கும். எனவே கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். மலைப்பகுதியில் மழைக்காலத்தில் கூடுதல் நேரம் தேவைப்படும்.

அழகுபடுத்தல்

கிழித்த வண்ணத் தாள்கள், பயன்படுத்திய அஞ்சல்தலைகள் ஆகியவற்றை ஒட்டலாம். மேகம் அருவி, பெரியார் அருவி, கோமுகி அணை, சாமைக் கதிர், கடுக்காய் ஆகியவற்றை வரைந்தால் அனுப்புபவரின் ஊர் பெறுபவருக்கு அறிமுகமாகும். மணி, கல், பொத்தான் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முத்திரை குத்தும்போது அவை உறையைக் கிழித்துவிடும். பல நாடுகளில் தாவரப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் வெளிநாட்டு அஞ்சலில் விதை, இலை வைக்கக் கூடாது.

எடையும் அஞ்சல் கட்டணமும்

உள்நாட்டுக் கடிதத்துக்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய் என்ற கட்டணம் பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. எடை மிகுந்து அஞ்சல்தலை குறைந்தால், குறைந்த தொகையின் இரு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பது அஞ்சல் துறையின் நெடுநாள் வழக்கம். அனுப்பியவரின் கவனக்குறைவுக்குப் பரிசு பெறுபவர் பணம் கட்ட நேரிடும்.

எடையை வீட்டிலேயே கணக்கிடலாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டையில் செய்த மேற்கண்ட கோப்புறை சுமார் 6 கிராம். ஒரு தாளில் செய்த உறை, ஒரு தாள் கடிதம், கோப்புறை மூன்றும் சேர்ந்து 16 கிராம். ஓவியத்துக்கும் அலங்காரத்துக்கும் மீதமிருப்பது 4 கிராம் மட்டுமே. ஐயம் இருந்தால் அஞ்சலகத்தில் எடை போட்டு அனுப்புவது நன்று.

பன்னாட்டு அஞ்சல் விதிகளின்படி கடிதத்தின் குறைந்த அளவு 9 × 14 செ.மீ. சிறு கோப்புறை இதைவிடச் சிறியது. எனவே அதைத் தனியே அனுப்பாமல் உறைக்குள் வைத்தே அனுப்ப வேண்டும்.