எப்பொழுது விண்ணப்பிப்பது?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் ரஸ்தாவிலே காட்டாங்குளத்தூரைக் கடந்து போகிறவர்கள், அங்குள்ள பெரிய வைத்தியக் கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் காணாமல் போக முடியாது. தெற்கே சிறிது தூரம் சென்றால் 1965-ஆம் ஆண்டில் ஏற்பட்ட செங்கற்பட்டு சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. வடக்கே திரும்பினால், க்ஷய ரோகிகளுக்காக டாக்டர் சௌரிமுத்து 1928-ஆம் ஆண்டில் நிறுவிய தாம்பரம் ஆரோக்கியசாலை இருக்கிறது. இவ்வாறு நாற்புறமும் வைத்திய ஸ்தாபனங்கள் சூழ்ந்த ஓர் ஊரில் வளரும் சிறுவர் சிறுமியர், தாமும் டாக்டராக வேண்டுமென்று ஆசைப்படுவதில் வியப்பொன்றுமில்லை. அந்த ஆசைக்குரிய காலம் எது என்பதில்தான் இன்று குடும்பங்கள் தத்தளிக்கின்றன.

சில தினங்களுக்கு முன் காட்டாங்குளத்தூரிலிருந்து ஒருவர் நம்மைக் காண வந்தார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருடைய குமாரத்தி சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, ‘நீட்’ பரீட்சையும் எழுதியிருந்தாள். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மூதாதையர் வழியில் வந்த மனை ஒன்றை விற்று, தனியார் கல்லூரியொன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் இந்த ஆண்டே அவளைச் சேர்த்துவிடலாமா என்று யோசனை கேட்க வந்தார். கிரயப் பத்திரத்தின் நகலைக் கையிலேயே வைத்திருந்தார். “ஐயா, நிலம் போனால் பின்னால் சம்பாதித்துக்கொள்ளலாம், வருஷம் போனால் திரும்பி வருமா?” என்றார் அவர்.

அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. ஆண்டுதோறும் பரீட்சை முடிவு வெளியானதும் நம் ராஜ்யத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழும் கேள்வி அது. ஆகையால் அவருக்குச் சொன்ன பதிலை வாசகர்கள் முன்பும் வைக்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். வைத்தியக் கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதியில் மாணவருக்கு 17 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். கீழ் எல்லை இது. மேல் எல்லையாக ஒரு காலத்தில் 25 வயதும், ஒதுக்கீடு பெறும் வகுப்பினருக்கு 30 வயதும் வைத்திருந்தார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் அந்த எல்லையை எடுத்துவிட்டது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. ஆகவே, இந்த ஆண்டு தவறினால் கதவு என்றென்றைக்கும் மூடிவிடும் என்று அஞ்சுவதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. பெற்றோரைத் துரத்துவது சட்டமன்று, அக்கம்பக்கத்தாரின் வாயே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன் மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சி ஓராண்டு. பதினேழரை வயதில் சேருகிற பிள்ளை இருபத்துமூன்றில் டாக்டராகிறான். மேற்பட்டம் பெற இன்னும் மூன்றாண்டு. ஓராண்டு பிந்திச் சேருகிறவன் இருபத்துநான்கில் டாக்டராகிறான். அதன் பின் நாற்பது ஆண்டு காலம் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவனுக்கு இந்த ஓராண்டு எம்மாத்திரம்? உன் டாக்டர் எந்த வயதில் கல்லூரியில் சேர்ந்தார் என்று எந்த நோயாளியாவது கேட்டதுண்டா?

நம் நாட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்லும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண் என்பதும் ஒரு காரணமாகக் கல்லூரி வாசலில் காத்து நிற்க நேர்ந்தது. சென்னை வைத்தியக் கல்லூரியில் அவர் 1907-ஆம் ஆண்டில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். சேரும்போது அவருக்கு வயது இருபதுக்கு மேல். அதனால் அவருடைய கீர்த்திக்கு என்ன குறை வந்தது? 1927-இல் சென்னைச் சட்டசபையின் உப தலைவரானார். 1930-இல் ஔவை இல்லத்தையும் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார். வேலூர் வைத்தியக் கல்லூரியின் அன்னையான ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறும் அப்படியே. திண்டிவனத்தில் பாதிரியார் வீட்டுப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு வைத்தியத்தில் நாட்டமே இருந்ததில்லை. பெண் டாக்டர் இல்லாத குறையால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் மாண்டதைக் கண்ட பிறகே அவர் தீர்மானம் செய்தார். அமெரிக்காவில் 1899-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. அவர் பிந்திச் சேர்ந்தார். ஆனால் ஏன் சேருகிறோம் என்பதைத் தெரிந்து சேர்ந்தார்.

அமெரிக்காவில் இன்றைக்கும் சாதாரணமாக நான்காண்டு வேறொரு பட்டப்படிப்பை முடித்த பிறகே வைத்தியக் கல்லூரியில் சேருகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் வாழ்நாள் முழுவதற்குமான தீர்மானத்தைக் கேட்பது இயற்கை நியதியன்று. நாம் ஏற்படுத்திக்கொண்ட வழக்கந்தான்.

அப்படியானால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கலாமா? அதுவும் கூடாது என்பதே நமது அபிப்பிராயம். ஜெர்மனியில் வைத்தியக் கல்லூரி இடங்களில் ஒரு பகுதியைக் காத்திருந்த காலத்தை வைத்தே கொடுத்து வந்தார்கள். காலப்போக்கில், படிப்புக்கு ஆகும் காலத்தைவிடக் காத்திருக்கும் காலம் நீண்டுவிட்டது. அந்நாட்டின் அரசியல் சட்ட நியாயஸ்தலம் 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும் என்று கூறிற்று. எல்லையற்ற காத்திருப்பு மாணவனின் தகுதியை வளர்ப்பதில்லை, தேய்க்கிறது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

நம் ராஜ்யத்திலோ காத்திருப்பு வேறொரு ரூபம் எடுத்திருக்கிறது. தொழிற்கல்விக்கென 1984-ஆம் ஆண்டில் வந்த நுழைவுப் பரீட்சையைத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2006-இல் இயற்றிய சட்டம் ஒழித்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடங்கள் வழங்கப்பட்டன. பிறகு ‘நீட்’ வந்தது. 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதென்றது. 2016-இல் அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017 முதல் தமிழ்நாடும் அதற்கு உட்பட்டது. ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் 2021-இல் அமைந்த குழு, இதன் பலனை ஆராய்ந்தது. 2016-17-ஆம் ஆண்டில் இங்கே எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தவர்களில், முந்திய ஆண்டுகளில் தேறி மறுபடி முயன்று வந்தவர்கள் நூற்றுக்கு 12.47 பேர். 2020-21-இல் அத்தொகை நூற்றுக்கு 71.42 ஆயிற்று.

இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். முன்பு பள்ளியை விட்டதும் நேரே சேர்ந்தவர்களே பெரும்பான்மையோர். பின்னர் ஓராண்டு அல்லது ஈராண்டு காத்திருந்தவர்களே பெரும்பான்மையோர் ஆனார்கள். காத்திருப்பதற்கு என்ன வேண்டும்? பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பாராத குடும்பம் வேண்டும். ஆகவே காலமும் ஒரு மூலதனமாகிவிட்டது. அது உள்ளவன் இரண்டாம் முறை எழுதுகிறான். இல்லாதவன் முதல் முறையோடு விலகுகிறான். பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை எத்தனை முறை எழுத முடியும் என்பது எல்லோருக்கும் ஒன்றன்று.

இந்த அநீதியைச் சிறிது குறைக்க, சர்க்கார் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இடத்தை ஒதுக்கி 2020-இல் நம் ராஜ்யம் சட்டம் செய்தது. அவர்களுடைய கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றது. வரவேற்கத்தக்க சட்டமே. ஆனால், சர்க்கார் உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழை மாணவி அதில் சேரவில்லை. நம்மிடம் வந்தவரின் பெண் அந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கிறாள். ‘நீட்’டிலிருந்து விலக்குக் கேட்டு 2021-லும், திருப்பி அனுப்பப்பட்டபின் 2022-லும் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் சம்மதம் கிடைக்கவில்லையென்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. ஒரு ராஜ்யத்தின் பிரஜைகள் தங்கள் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் செய்த ஏகோபித்த யோசனைக்கு மதிப்பில்லை என்றால், ஜனநாயகம் எதற்கு? இந்தப் போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் அது முடியும் வரை வீட்டிலுள்ள பிள்ளை என்ன செய்வது? அதற்கும் வழி சொல்லுவது பத்திரிகையின் கடமை.

காத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, இந்த ஆசை யாருடையது? தகப்பனாருடையதாக மட்டும் இருந்தால், இரண்டாம் ஆண்டு வீண். பிறருடைய ஆசையைச் சுமந்துகொண்டு ஓராண்டு தனித்திருந்து படிப்பது பிள்ளையின் மனத்தை ஒடித்துவிடும். இந்தப் பரீட்சையின் பெயரால் நம் ராஜ்யம் இளம் உயிர்களைப் பறிகொடுத்திருக்கிறது என்பதை எந்தப் பெற்றோரும் மறக்கலாகாது.

இரண்டாவது, மதிப்பெண் எங்கே குறைந்தது? பரீட்சைக்கு மொத்தம் 720 மதிப்பெண். அதில் பாதி உயிரியலுக்கு, மற்றப் பாதி பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும். சரியான விடைக்கு நான்கு கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். பள்ளியில் பௌதிகம் சரிவரக் கற்பிக்கப்படாததால் குறைந்ததென்றால், ஓராண்டில் ஈடு செய்யலாம். எல்லாவற்றையும் கற்று, எல்லா மாதிரிப் பரீட்சைகளையும் எழுதிய பின்பும் குறைந்ததென்றால், இன்னோர் ஆண்டு அதிகமாக ஒன்றும் கொடுத்துவிடாது.

மூன்றாவது, வரிசை எண் என்ன? மதிப்பெண்ணை நம்பி ஏமாறக்கூடாது. 2024-இல் முதலில் வெளியான முடிவுப்படி 67 பேர் 720-க்கு 720 பெற்றார்கள். அந்தப் பரீட்சையின் ஊழல்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போயின. 2025-இலோ முதலிடம் பெற்றவருக்கே 686 தான். ஒரே மதிப்பெண் ஓராண்டில் அற்பமாகவும் மறு ஆண்டில் அபூர்வமாகவும் இருக்கும். 2024-இல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். இந்தியா முழுவதிலும் இருந்த இடங்களோ லட்சத்துக்குச் சற்று மேல். இருபது பேருக்கு ஓர் இடம் என்ற போட்டியில், தன் வகுப்புக்குரிய கடைசி இடத்திலிருந்து எத்தனை தூரத்தில் நிற்கிறோம் என்பதே கணக்கு. கலந்தாய்வின் எல்லாச் சுற்றுகளும் முடியுமுன் எந்தத் தீர்மானமும் செய்யலாகாது. அதன் விதிகளையும் வரி வரியாக வாசிக்க வேண்டும். சேர்ந்த இடத்தைப் பிற்பாடு விடுவது சுலபமன்று.

நான்காவது, காத்திருக்கும் ஆண்டில் கையில் வேறென்ன இருக்கும்? வெறுங்கையோடு காத்திருப்பது அபாயம். 1937 முதல் தாம்பரத்தில் நடந்துவரும் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடங்களில் தாவர நூலோ விலங்கு நூலோ படித்துக்கொண்டே மறுபடி எழுதலாம். தாதி வேலைக்கும், மருந்து நூலுக்கும், சித்த வைத்தியத்துக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. டாக்டர் ஒருவரால் மட்டும் ஆஸ்பத்திரி நடப்பதில்லை.

அவசரத்தினால் அந்நிய தேசத்துக்கு ஓடுவதையும் யோசித்தே செய்ய வேண்டும். 2018 முதல் அதற்கும் ‘நீட்’ தேறியிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் இங்கே வேறொரு பரீட்சையும் தேற வேண்டும். 2022-இல் யுத்தத்தினால் உக்ரேனிலிருந்து பாதிப் படிப்பில் திரும்பிய நம் பிள்ளைகளின் கண்ணீரை நாடு கண்டது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் தக்க விடை இருந்தால், ஓராண்டு காத்திருப்பதில் தவறில்லை. இரண்டாம் முறையும் தவறினால், வேறு படிப்பைத் தொடர்ந்துகொண்டே வேண்டுமானால் எழுதட்டும். வாழ்க்கையை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுத வேண்டாம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஓராண்டு காத்திருக்கும் வசதியைப் பணக்காரர் விலைக்கு வாங்குகிறார்கள். ஏழைக்கு அதைச் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கட்டும். ஜில்லாவுக்கு ஒரு விடுதி, நல்ல உபாத்தியாயர்கள், மூன்று வேளை உணவு. முதல் முறை தவறிய ஏழை மாணவர்களுக்கு ஓராண்டு. உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ‘நீட்’ நிற்கும் வரை இந்த ஏற்பாடு இருக்க வேண்டியது நியாயம்.

காட்டாங்குளத்தூர்க்காரரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் பெண்ணையும் அழைத்து வரச் சொன்னோம். வந்தாள். “உனக்கு என்ன அம்மா விருப்பம்?” என்று கேட்டோம். வீட்டில் இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தவள், “எங்கள் பள்ளியில் பௌதிகத்துக்குப் பாதி வருஷம் டீச்சரே இல்லை, ஐயா. ஒரு வருஷம் படித்தால் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் நர்ஸிங் படிக்கிறேன். மனையை விற்க வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லுங்கள்” என்றாள்.

நான்கு கேள்விகளுக்கும் அவளிடம் விடை இருந்தது. தகப்பனார் கிரயப் பத்திர நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரஸ்தா ஓரத்தில் அந்த மனையின் விலை இன்று ஏறியிருக்கிறது. ஒரு முறை விற்றால் அவர் சம்பளத்தில் மறுபடி வாங்கவே முடியாது. போன வருஷம் திரும்பாது என்று அவர் சொன்னது மெய்தான். ஆனால், மனமறிந்து உழைத்த வருஷம் போனதாகாது.

பெற்றோர்களே, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் உங்கள் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள்.