பழம் அடைக்கும் இயந்திரம்: கடன் கேட்கும் முன் ஒரு கணக்கு



மாமரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளைக்கு வரும் கடனுதவி விண்ணப்பங்களில் இப்போது ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் தையல் இயந்திரம், தள்ளுவண்டி, கறவை மாடு என்றுதான் கேட்பார்கள். இப்போது பழம் கழுவும் இயந்திரம், தரம் பிரிக்கும் இயந்திரம், எடை போட்டு டப்பாவில் அடைக்கும் இயந்திரம் என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். நத்தம் பக்கமும் அய்யம்பாளையம் பக்கமும் தோப்புக் குத்தகை எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்பவர்கள். "அத்தா காலம் முழுக்கக் கூடையிலேயே கட்டி அனுப்பினாங்க, லாபமெல்லாம் மண்டிக்காரருக்குத்தான் போச்சு" என்று ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இயந்திரம் வாங்கினால் லாபம் தன்னால் வந்துவிடும் என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு.

காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் பழம் பிரிக்கும் இயந்திரம் வாங்கினார். விலையில் ஒரு பகுதியைக் கர்ளன் ஹஸனாவாக (வட்டியில்லாக் கடன்) நாம் கொடுத்தோம். விற்ற நிறுவனம் எலுமிச்சையையும் தக்காளியையும் ஓட்டிக் காட்டியது, அழகாக ஓடியது. ஊருக்குக் கொண்டுவந்து கல்லாமை மாங்காயைப் போட்டபோது அது உருளவில்லை. மூக்கு நீண்ட காய் உருளைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது, பின்னால் வந்த காய்கள் அதன் மேல் ஏறி அடிபட்டன. அந்த இயந்திரம் இன்று ஒரு தகரக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. கடனை அவர் கூலி வேலை செய்துதான் அடைத்தார். "எந்தக் காயைப் போடப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட தவறு நம்முடையதும்தான். ஆகவே இந்த இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாம் விசாரித்துத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம்.

"பேக்கிங் மெஷின்" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது ஒரு வரிசை. முதலில் பழத்தைக் கொட்டும் இடம். ஆப்பிள் போன்ற பழங்களைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். அவை மிதந்து அடிபடாமல் நகரும். அடுத்தது கழுவித் தேய்க்கும் தூரிகை உருளைகளும் ஈரம் உலர்த்தும் காற்றாடியும். அதன்பின் ஒரு மேசை. அதில் பழம் மெல்லப் புரண்டபடி நகரும். இருபுறமும் ஆட்கள் நின்று கீறல், புழு, அழுகல் உள்ளவற்றைக் கையால் பொறுக்குவார்கள். சாதாரண வரிசைகளில் இந்த வேலையை இன்றும் மனிதக் கண்தான் செய்கிறது.

பிறகுதான் அளவு பிரித்தல். இதில் மூன்று வகை உண்டு. விலை குறைந்தது விரியும் உருளை வகை. இரண்டு உருளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி போகப்போக அகலமாகும். சின்னப் பழம் முதலில் விழும், பெரியது கடைசியில் விழும். எலுமிச்சை, சாத்துக்குடி, நெல்லிக்காய் போன்ற உருண்டைப் பழங்களுக்கு இது சரி. கல்லாமைக்குச் சரிவராது என்பதற்கு மேலே சொன்ன கொட்டகையே சாட்சி. இரண்டாவது, எடை பார்த்துப் பிரிப்பது. சங்கிலியில் கிண்ணங்கள் வரிசையாக வரும், கிண்ணத்துக்கு ஒரு பழம். எடைக்கேற்ற இடத்தில் கிண்ணம் கவிழும். மாங்காய்க்குக் கேட்பதென்றால் இதைத்தான் கேட்க வேண்டும். மூன்றாவது வகையில் கேமராவும் கணினியும் நிறம், அளவு, வடு மூன்றையும் பார்க்கும். பெரிய ஏற்றுமதி நிலையங்கள் வாங்கக்கூடிய விலை அது. நம் பேச்சில் அதற்கு இடமில்லை.

கடைசியில்தான் பெட்டியில் நிரப்புதல் வருகிறது. எண்ணி அடுக்குவது, எடை போட்டுக் கொட்டுவது என இரண்டு வழிகள். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒரு முறையைச் சீர்செய்தார்கள். பழத்தை எடை போட்டு அட்டைப்பெட்டியில் கொட்டி, பெட்டியைச் சற்று நேரம் அதிரவிடுவது. அதிர்வில் பழங்கள் ஒன்றோடொன்று பொருந்தி அமர்ந்துவிடும். மேலே ஒரு மெத்தைத் தாள் வைத்து மூடியை இறுக்கிவிட்டால் லாரி எவ்வளவு குலுங்கினாலும் உள்ளே பழம் ஆடாது. பழம் கெடுவது பெரும்பாலும் அழுத்தத்தால்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆடி ஆடி உரசுவதாலும் கெடுகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். பேரிக்காய், பிளம் போன்ற கெட்டிப் பழங்களுக்கு அது உதவியது. மாம்பழத்தை அப்படிக் கொட்ட முடியாது. உலகின் எந்த மூலையிலும் நல்ல மாம்பழத்தைப் பெட்டியில் வைப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். வாழையும் அப்படியே. தார்களைக் கம்பியில் தொங்கவிட்டு நகர்த்துவதும் குளிரூட்டுவதும் இயந்திரத்தின் வேலை. சீப்பை அறுத்து, பால் கழுவி, பெட்டியில் அடுக்குவது ஆட்கள்.

ரமலானில் நம் வீடுகளுக்கு வரும் அரைக்கிலோ பேரீச்சம்பழ டப்பா வேறு விதம். சின்னப் பழங்களை எடைபோட்டு அடைக்கும் இயந்திரத்தில் பத்து, பதினான்கு சிறு தொட்டிகள் வட்டமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பழம் விழும். எந்த மூன்று நான்கு தொட்டிகளைச் சேர்த்தால் 500 கிராமுக்குக் குறையாமல் அதை ஒட்டி வரும் என்று கணினி கணக்குப் பார்த்து, அவற்றை மட்டும் திறக்கும். குறையாமல் என்பதைக் கவனியுங்கள். அளவில் குறைப்போரை எச்சரித்து ஒரு சூராவே (அல்முதஃப்பிஃபீன்) நமக்கு இறங்கியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் மாம்பழத்தை இயந்திரம் முழுமையாக அடைக்கும் இடம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் தொழிற்சாலைகள்தான். அங்கே போவது பெரும்பாலும் பெங்களூரா எனப்படும் நம் கல்லாமை. கூழைச் சூடாக்கித் தகர டின்களில் நிரப்பி, டின்னின் விளிம்பையும் மூடியின் விளிம்பையும் சேர்த்து இரட்டை மடிப்பாக மடித்து மூடுவார்கள், 3.1 கிலோ டின் என்பது ஏற்றுமதியில் பழகிய அளவு. மற்றொரு முறையில், கூழை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளிக்காற்றுப் படாத குழாயிலேயே குளிரவைத்து, முன்பே கிருமி நீக்கிய பையில் நிரப்புவார்கள். பையின் மூடியைத் திறப்பது, நிரப்புவது, மூடுவது எல்லாம் நீராவியால் சுத்தப்படுத்திய சிறு அறைக்குள் இயந்திரமே செய்யும். பை ஒரு பீப்பாய்க்குள் இருக்கும். சுமார் 215 கிலோ பிடிக்கும். இது நம் சக்திக்கு உட்பட்ட தொழில் அல்ல. ஆனால் பெட்டியில் விலை போகாத காய்க்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது குத்தகைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, மணிக்கு 1 டன் பிரிக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 8 டன். உங்கள் குத்தகைத் தோப்பில் பருவம் முழுக்க 24 டன் காய்த்தால், இயந்திரத்துக்கு மூன்று நாள் வேலை. மீதி 362 நாளும் கொட்டகை வாடகையும் துருவும்தான். அதே இயந்திரம் பத்துத் தோப்புக்காரருக்குப் பொதுவாக இருந்தால் முப்பது நாள் ஓடும். காய்ப்பு முடிந்தபின் ஆயக்குடிக் கொய்யாவோ எலுமிச்சையோ போட முடியுமென்றால் இன்னும் சில நாட்கள். ஆகவே தனியொருவர் பெயரில் வரும் இயந்திர விண்ணப்பத்தைவிட, நான்கைந்து பேர் பங்கு சேர்ந்து, லாப நஷ்டம் இரண்டையும் பகிர்ந்துகொள்வதாக எழுதிக்கொண்டு வரும் விண்ணப்பத்தையே நாம் விரும்புகிறோம்.

அரசு உதவியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்த மானியம். மீதித் தொகைக்கு வட்டி உண்டு. மானியத்தைப் பார்த்துவிட்டு வட்டியைப் பார்க்காமல் போகிறவர்களுக்காகவே இதைத் தனியாக எழுதுகிறோம். தோட்டக்கலைத் துறையின் சிப்பம் கட்டும் அறைக்கான உதவி வேறு வகை. 9 மீட்டருக்கு 6 மீட்டர் அறைக்கு 4 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு அதில் பாதியை மானியமாகக் கொடுத்துவந்தார்கள். இப்போதைய தொகையை ஆத்தூர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். திண்டுக்கல் உட்பட 10 மாவட்டங்களில் காய்கனிகளுக்கென அரசு முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்களைக் கட்டியிருக்கிறது. அங்கே கழுவவும் பிரிக்கவும் வசதி உண்டு. நம் சரக்கை அங்கே கொண்டுபோய் வாடகைக்கு ஓட்ட முடியுமானால் சொந்த இயந்திரத்துக்கு அவசரமே இல்லை.

இயந்திரம் இல்லாமலே செய்யக்கூடியதைச் செய்திருக்கிறோமா என்பது அடுத்த கேள்வி. காயைத் தட்டி விழவைக்காமல் காம்போடு பறிக்க வேண்டும். காம்பை ஒடித்ததும் வடியும் பால் தோலில் பட்டால் கருகும். ஆகவே தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடியவிட்ட பிறகே அடுக்க வேண்டும். கூடையின் குச்சி குத்தாத, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றினாலும் கீழே உள்ள காயை அழுத்தாத பிளாஸ்டிக் பெட்டிகள் வேண்டும். 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் பழுக்கும்போது வரும் கரும்புள்ளி அழுகல் குறையும். அதற்கு வேண்டியது ஒரு தொட்டியும் சரியான வெப்பமானியும்தான். பழுக்கவைக்கக் கல் வைக்கும் பழக்கம் இன்னும் எவரிடமாவது இருந்தால் அவருக்கு நாம் ஒரு ரூபாயும் தரமாட்டோம். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவை அனுமதித்த அளவுக்குள் பயன்படுத்தலாம்.

இந்த விஷயத்தில் நாம் அதிகம் யோசித்தது வேறொன்று. கூடையை வாங்குபவர் கையை விட்டுப் பார்க்கலாம். ஒட்டி மூடிய அட்டைப்பெட்டியை அப்படிப் பார்க்க முடியாது. அச்சிட்ட பெயரையும் எடையையும் நம்பித்தான் வாங்குகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டதும் நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்த ஹதீஸ்தான். மேலடுக்கில் பெரிய காய், அடியடுக்கில் பொடிக் காய் என்பது மண்டிகளில் பழைய வழக்கம். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பது அதைவிடப் பழைய பதில். பிரிக்கும் இயந்திரத்தின் உண்மையான பயன் வேகம் அல்ல, அடியிலும் மேலும் ஒரே காய் என்பதுதான். மலைநாடான இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் பெட்டியில் அளவுக்கு மீறித் திணித்து வாங்கிய வழக்கத்தால் விவசாயிகள் பட்ட நஷ்டத்தைத் தடுக்க, 2024 பருவத்திலிருந்து ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கினார்கள். பெட்டி நேர்மையாக இருந்தால் விற்பவருக்கும் பாதுகாப்பு என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நம் வீட்டுப் பெண்கள் இத்தகைய கூடங்களில் வேலைக்குப் போகிறார்கள், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடும் பட்டையும் உருளையும் துப்பட்டாவின் முனையையோ முந்தானையையோ பிடித்தால் இழுத்துக்கொள்ளும், கூந்தலையும் அப்படியே. மறைப்பைக் கழற்றச் சொல்லவில்லை. தொங்கும் முனை இல்லாமல் உள்ளே செருகி, மேலே இறுக்கமான கையுள்ள மேலங்கி அணிந்தால் போதும். உருளைகளுக்குத் தடுப்புத் தகடும், கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிற நிறுத்து பொத்தானும் இல்லாத இயந்திரத்துக்கு அறக்கட்டளை கடன் தராது. விலை குறைத்துத் தருகிறோம் என்று சொல்லித் தடுப்புத் தகட்டைக் கழற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பருவத்துக்கு இயந்திரக் கடன் கேட்போர் விண்ணப்பத்தோடு நான்கு விவரங்கள் கொண்டுவர வேண்டும்: எந்த ரகக் காய், போன வருடம் எத்தனை டன், யார் யார் பங்கு, யாருக்கு விற்கப்போகிறீர்கள். குத்தகைப் பத்திரத்தின் நகலும் வேண்டும். பூவிலேயே காய்ப்பை விலை பேசியிருந்தால், பழம் பக்குவம் தெரியும் முன் விற்பதைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை நம் இமாம் அவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இயந்திரம் விற்பவர் உங்கள் காயையே, குறைந்தது பத்துப் பெட்டி, உங்கள் கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று நிர்வாகக் குழுவில் ஒருவரும் உடன் வருவார். பிளாஸ்டிக் பெட்டி, தராசு, வெந்நீர்த் தொட்டி ஆகியவற்றுக்கான சிறு கடன்களுக்கு இவ்வளவு விசாரணை இல்லை. அலுவலகம் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை திறந்திருக்கும்.